தண்ணீர் ஆகாத அறை

என் கணவருடைய லோடு வண்டி நரிக்குடி ரோட்டில் கவிழாமல் இருந்திருந்தால், மெக்னீசியம் என்ற உலோகத்தைப் பள்ளிக்கூடத்தில் பார்த்ததோடு சரி என்று போயிருக்கும். ஒரு சின்ன நாடாவை இடுக்கியில் பிடித்து வாத்தியார் கொளுத்திக் காட்டினார். கண் கூசும் வெள்ளை வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் கைதட்டினோம். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் இருந்த பழக்கம்.

அவர் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். பட்டப்பகல். ஆட்டு மந்தை ஒன்று சட்டென்று ரோட்டில் ஏறியதும் ஸ்டீயரிங்கை ஒடித்திருக்கிறார். வண்டி கண்மாய்க் கரையிலிருந்து உருண்டது. ஓர் ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு இடது கால், முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. மதுரையில் காலைத் திறந்து, எலும்பை ஒட்டி எஃகுத் தகடு வைத்து, திருகுகளால் முடுக்கி, தையல் போட்டு அனுப்பினார்கள். எலும்பு நன்றாகக் கூடியதும் தகட்டை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எலும்பு கூடியது. தகட்டை எடுக்க அவர் போகவில்லை. "திரும்ப அறுக்கவா? ஒருதரம் அறுத்ததே போதும்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடமாட்டார்.

ஒரு திருகின் தலை தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டு நின்றது. விரலை வைத்தால் தெரியும். கொஞ்சதூரம் நடந்தாலே அந்த இடம் சிவந்துவிடும். கிளட்ச் மிதிக்க முடியாது. எங்கள் வீடு பரளச்சிப் பக்கம், காட்டை ஒட்டிய கடைசி வீடு. பகலில் ஆளரவம் இருக்காது. மிளகாய்க் காட்டுக்குப் போகிறவர்கள் காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். முன்பெல்லாம் ஒரே நாளில் திருச்சுழி, நரிக்குடி, மானாமதுரை என்று சுற்றி வந்த மனுசன் கட்டிலிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து கட்டிலுக்குமாக ஆனார்.

கல்யாணத்துக்கு முன்பு நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்தேன். படிப்பு முடிந்ததும் அருப்புக்கோட்டையில் ஒரு பட்டறையில் கொஞ்சகாலம் வேலையும் பார்த்தேன். ஊருக்கு வெளியே, கருவேலங்காட்டை ஒட்டி நிற்கும் தகரக் கொட்டகை அது. முதலாளி முன்பு நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொண்டிருந்தவர். ஆலைகள் ஒவ்வொன்றாய்ப் படுத்ததும் எலும்புக்கு வைக்கிற தகடு, திருகு என்று மாறிக்கொண்டார். எனக்கு அளவு பார்க்கிற மேசையில் வேலை. கல்யாணம் ஆனதும் விட்டுவிட்டேன். இப்போது வேறு வழியில்லாமல் முதலாளிக்குப் போன் செய்தேன். "வாங்கம்மா, உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். அவர் எதற்காகத் தேடினார் என்று போன பிறகுதான் தெரிந்தது.

வெளியூர் கம்பெனி ஒன்று அவரிடம் ஒரு சோதனை வேலையைக் கொடுத்திருந்தது. மெக்னீசியம் கலந்த உலோகத்தில் எலும்புத் திருகு கடைந்து தரவேண்டும். எஃகுத் திருகைப் போலத்தான் இதுவும் எலும்பைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் எலும்பு கூடக்கூட உடம்புக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோய்விடும். எடுப்பதற்கென்று இன்னொருமுறை அறுக்க வேண்டியதில்லை. முதலாளி இதைச் சொன்னபோது எனக்கு என் வீட்டுக் கட்டில்தான் ஞாபகத்துக்கு வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அந்த உலோகத்தின் குணம் அப்புறம்தான் பிடிபட்டது. கையில் எடுத்தால் பிளாஸ்டிக் மாதிரி கனமில்லாமல் இருக்கும். கடைவதற்கும் வெண்ணெய் மாதிரி. ஆனால் கடையும்போது உதிர்கிற சீவல் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. மெல்லிய சீவல் சூடேறினால் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் அந்தச் சூட்டில் தண்ணீரே பிரிந்து, எரியும் வாயுவாகி வெடிக்கும். மற்ற மெஷின்களில் வெட்டுகிற டூலுக்கு மேல் எந்நேரமும் தண்ணீர் கலந்த எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். இதில் அது கிடையாது, காய்ந்தபடியே கடையவேண்டும். அதனால் கொட்டகையின் ஒரு மூலையைச் சுவர் வைத்து அடைத்து, கம்ப்யூட்டரில் ஓடுகிற கடைசல் மெஷின் ஒன்றை, சிஎன்சி லேத் என்பார்கள், உள்ளே போட்டு, தனி அறையாக்கியிருந்தார்கள். ஈரம் ஏறாமலிருக்க ஏசி. ஜன்னல் கிடையாது. கதவு ஏதோ மூடிப்போன ஆலையிலிருந்து வாங்கி வந்தது. மேலே தண்டவாளத்தில் சக்கரம் வைத்து இழுக்கிற கனமான இரும்புக் கதவு.

உள்ளே போக பருத்திச் சேலையோ பருத்திச் சுடிதாரோதான் கட்டவேண்டும். நைலான் ஆகாது. வளையல் ஆகாது. தண்ணீர் பாட்டில் ஆகாது. செல்போனை வெளியே ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் போகவேண்டும். கதவை இழுத்துச் சாத்தினால் சாப்பாட்டு நேரம்வரை வெளியுலகம் இல்லை. மழை பெய்ததா, கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடுகிறதா, பக்கத்தில் எந்த வண்டி வந்து நின்றது என்று எதுவும் தெரியாது. ஏசியின் இரைச்சலும் மெஷினின் இரைச்சலும்தான்.

என்னோடு உள்ளே வேலை பார்த்தவர் ஒரு பாய். சவுதியில் பல வருடம் லேத் ஓட்டிவிட்டு வந்தவர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். இந்த உலோகம் அவருக்கும் புதுசு. இருவருமாகத்தான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டோம். டூல் கொஞ்சம் மழுங்கினாலும் வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் சூடு, சூடு வந்தால் வினை. அதனால் டூலை அடிக்கடி மாற்றுவோம். சீவலை உடனுக்குடன் அள்ளி மூடிபோட்ட இரும்பு டிரம்மில் போடுவோம். இரண்டு வாளியில் மணல் இருந்தது. மணலிலும் ஈரம் ஆகாது என்பதால் அவ்வப்போது மொட்டைவெயிலில் பரப்பிக் காயவைத்து அள்ளிவருவது என் வேலை. இந்தத் தீக்கென்றே ஒரு பொடி சிலிண்டர் உண்டு, அதை வாங்கித் தாருங்கள் என்று பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். "வந்துரும் பாய்" என்று முதலாளியும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் பாய் டீ குடிக்கும்போது சொன்னார்: "சவுதியில கேம்ப்ல அடச்சுப் போட்டப்பகூட எனக்கு இப்பிடி மூச்சு முட்டுனதில்ல தங்கச்சி. அங்க ஒரு ஜன்னலாச்சும் இருந்துச்சு."

நான் முதலாளியிடம் போய் பழைய மேசைக்கே மாற்றிவிடச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்க கை படிஞ்ச மாதிரி வேற யாருக்கும்மா படிஞ்சிருக்கு? அந்த உள்ரூமுக்கு வரச் சொன்னாலே பயலுக ஓடுறானுக. நீங்களும் விட்டுட்டா நான் எங்க போவேன்?" என்றார். பாராட்டுதான். எனக்கோ பூட்டில் சாவி திரும்பின மாதிரி இருந்தது. வேறு பட்டறைக்குப் போகலாமென்றால், காலை பஸ்ஸில் போய் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வருகிற தூரத்தில் என் படிப்புக்கு வேறு இடமில்லை. கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் இருக்கிறது. அங்கே கட்டிலைத் தூக்கிக்கொண்டா போகமுடியும்?

வீட்டில் அவர் பகலில் எனக்குப் போன் போடுவார். எடுக்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வரிசையாக அவருடைய அழைப்புகள் இருக்கும். திருப்பிக் கூப்பிட்டால், "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வேறு குரலில் ஆரம்பிப்பார்.

"ஒரு போனு எடுக்கக்கூட ஏலாதா?"

"உள்ள கொண்டுபோகக் கூடாதுங்க. எத்தன தடவ சொல்றது?"

"கதவச் சாத்திக்கிட்டுத்தான் வேல பாக்கணுமோ?"

"ஆமா. ஈரம் ஏறிரும்."

"உள்ள யாரு யாரு?"

"நானும் பாயும்."

 சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் கேட்காததற்கு நானாகப் பதில் சொன்னால் அதுவே ஒரு குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் அந்த மௌனம் வீடு முழுக்க நிற்கும். அடுப்படிக்குப் போனாலும் கூடவே வரும். கெட்ட மனுசன் இல்லை அவர். கல்யாணமான புதிதில் என்னை அந்த லோடு வண்டியில் முன்சீட்டில் உட்காரவைத்து, "எம் பொண்டாட்டி இஞ்சினியரு" என்று டீக்கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனவர்தான். கால் முடங்கியதும் மனமும் அந்தக் கட்டில் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. நானும் ஓர் அறையிலிருந்து கிளம்பி இன்னோர் அறைக்கு வந்துகொண்டிருந்தேன். நடுவில் பஸ் போகும் நேரம் மட்டும்தான் எனக்கென்று இருந்தது. ஜன்னலோர சீட்டுக் கிடைத்தால் கண்ணை மூடாமல் வருவேன். கரிசல் வெடித்துக் கிடக்கும். கருவேல மரங்களுக்கு நடுவில் கரி மூட்டம் புகையும். பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாய் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார். வழக்கமாக அந்த நேரம் நாங்கள் மெஷினை நிறுத்திவிடுவோம். அன்று கம்பெனிக்கு அனுப்பவேண்டிய திருகுகளில் கொஞ்சம் பாக்கி இருந்தது. முதலாளி காலையிலேயே மதுரைக்குப் போய்விட்டார். கொட்டகையில் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். பாய் கதவருகில் நின்று, மெஷினில் மாட்டியிருந்த உலோகத் தண்டைக் காட்டி, "இந்தப் பார் முடிஞ்சதும் நிறுத்திருங்க தங்கச்சி, வந்துருவேன்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏன் பற்றியது என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. டூல் புதுசு. மாற்றிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பாருக்குள் ஏதோ கடினமான துகள் இருந்து டூல் முனை உடைந்திருக்கலாம் என்று பிற்பாடு கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மெஷினின் சத்தம் மாறியதுதான். கீச்சென்று ஒரு சத்தம். நான் சிவப்புப் பொத்தானை அடிக்கும்போதே கண்ணாடிக்கு உள்ளே வெளிச்சம் வந்துவிட்டது. தீ என்று சொல்லமுடியாது அதை. நாக்கு இல்லை, சிவப்பு இல்லை. வெல்டிங் வைப்பதுபோல ஒரு வெள்ளை. சீவல் விழுகிற தட்டில் ஒரு மூலையில் தொடங்கி மெதுவாக நகர்ந்தது.

நேராகப் பார்க்கக் கூடாது என்று தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷின் கதவைத் திறந்து, மணலை அள்ளி வீசாமல் தட்டின் விளிம்பிலிருந்து மெல்லச் சரித்தேன். வீசினால் எரிகிற சீவல் பறந்து வேறிடத்தில் விழும். முதல் வாளி தீர்ந்ததும் வெளிச்சம் அடங்கியது. அடங்கிவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தபோது மணலுக்கு அடியிலிருந்து ஓரமாக மறுபடி வெள்ளை கிளம்பியது. அப்போது வலது முழங்கையில் ஏதோ பொறி விழுந்தது. கத்தினேனா என்று ஞாபகமில்லை. அறை முழுக்க வெண்புகை. தொண்டை காந்தியது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அடுத்த வாளியைக் கொட்டலாம் என்று ஓடிப்போய்க் கதவை இழுத்தேன். பயத்தில் இழுத்த இழுப்பில் மேலே சக்கரம் தண்டவாளத்தை விட்டுக் கழன்றது. கதவு கோணலாக இறங்கி தரையில் குத்திக்கொண்டு நின்றது. ஒரு கை நுழையும் அளவு சந்து. அவ்வளவுதான் திறந்தது.

இழுத்தேன். உதைத்தேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. சந்தில் வாயை வைத்து, "யாராச்சும் இருக்கீகளா?" என்று கூவினேன். கொட்டகையில் ஆளில்லை. அப்போது சிமெண்டுத் தரையில் கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டது. டக், டக் என்று. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தினமும் வீட்டில் கேட்கிற சத்தம்.

என் கணவர்தான். வீட்டைவிட்டு வெளியே வராத மனுசன் அன்று எப்படியோ பஸ் ஏறி, இறங்கி, அந்த வெயிலில் பட்டறைவரை நடந்து வந்திருக்கிறார். சந்து வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பின்னாலிருந்து வந்த வெளிச்சம் அவர் முகத்தில் வெள்ளையாக அடித்தது. அவர் என்னைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார், "அய்யய்யோ" என்றார். கம்பைக் கீழே போட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டே போய், கைகழுவ நிரப்பிவைத்திருந்த பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலோடு அவர் எப்படித் தூக்கினாரோ.

"தள்ளு புள்ள! ஊத்துறேன், தள்ளு!"

"வேண்டாங்க! தண்ணி வேண்டாம்!"

"தீப்புடிச்சுக் கெடக்கு, என்னடி தண்ணி வேண்டாங்கிற! தள்ளு!"

"ஊத்துனா வெடிக்கும்! நான் செத்துப்போவேன்! ஊத்தாதீக!"

குடத்தின் வாய் சந்தில் இருந்தது. நான் என் உடம்பால் சந்தை அடைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் அந்தக் குடம் மட்டும்தான். தீ எரிகிற இடத்தில் தண்ணீர் வேண்டாம் என்று கத்துகிறவளைப் பார்த்தால் யாருக்கும் பைத்தியம் என்றுதான் தோன்றும்.  குடம் சாய்ந்து கொஞ்சம் தண்ணீர் என் கழுத்தில் வழிந்தது. "என்னை நம்புங்க" என்றேன். அந்த வார்த்தையை அதற்குமுன் அவரிடம் நான் சொன்னதேயில்லை. சொல்ல நினைத்த நேரத்திலெல்லாம் வாயில் வராமல் போன வார்த்தை அது.

அவர் குடத்தை அப்படியே பின்னுக்கு இழுத்துத் தரையில் வைத்தார். உட்கார்ந்துவிட்டார். "என்ன செய்யணும்? சொல்லு" என்றார்.

"கதவத் தூக்கணும். கடப்பாறை அந்தப் பக்கம் கெடக்கும்."

அவர் தேடித் தவழ்ந்துபோனார். நான் திரும்பிப்போய் இரண்டாவது வாளியைச் சரித்தேன். கழுத்து ஈரத்தைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் பக்கத்தில் போனேன். அந்த நேரத்தில் அது எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. மணல் போதவில்லை. மூலையில் பாய் சேர்த்துவைத்திருந்த வார்ப்பிரும்புத் தூள் ஒரு டின் நிறைய இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவர் நன்கு காயவைத்து மூடிவைத்த தூள். அதையும் மேலே பரப்பினேன். வெளிச்சம் மங்கியது. பிறகு நின்றுபோனது. ஆனால் அடியில் கனன்றுகொண்டிருக்கும் என்று தெரியும். கதவடியில் தரையோடு படுத்து, சந்தில் மூக்கை வைத்து மூச்சு வாங்கினேன். அவர் கடப்பாறையைக் கொண்டுவந்து கதவுக்கு அடியில் கொடுத்து நெம்பப் பார்த்தார். உட்கார்ந்தபடி நெம்பினால் பலம் வராது. நின்று அழுத்தினால் கால் தாங்காது. நின்றுதான் அழுத்தினார். அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

தொழுகை முடிந்து வந்த பாயும் சாப்பிட்டு வந்த ஆட்களும் சேர்ந்துதான் கடைசியில் கதவைத் தூக்கினார்கள். நான் வெளியே வந்ததும் பாய் உள்ளே எட்டிப் பார்த்து, மணல் மேட்டைப் பார்த்து, "தொடாதீங்க, யாரும் தொடாதீங்க, ஆறட்டும்" என்று எல்லாரையும் விலக்கினார். அப்புறம்தான் கீழே உட்கார்ந்திருந்த என் கணவரைக் கவனித்தார். "இவுக யாரு?" என்றார்.

"எங்க வீட்டுக்காரவுக" என்றேன்.

பாய் அவருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் பாயின் முகத்தைப் பார்த்தார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, கண்ணில் நீர். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அன்று அவர் எதற்காக வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

கையில் தீப்புண்ணோடு கொஞ்சநாள் வீட்டில் இருந்தேன். அவர் காலிலும் வீக்கம். ஒருவருக்கு ஒருவர் களிம்பு போட்டுக்கொண்டோம். அவர் கஞ்சி வைத்தார், உப்பு கூடிப்போனது, குடித்தோம். "இனி அங்க போகாத" என்றார். முதல் இரண்டு நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். கண்ணை மூடினால் வெள்ளை தெரிந்தது. ஆனால் பகல் முழுக்க அந்த வீட்டில் இருந்து பார்த்தபிறகுதான் அவர் எதற்குள் கிடக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பதினொரு மணிக்கு மேல் வாசலில் ஒரு காக்காகூட இறங்குவதில்லை. வெயில் மட்டும் சுவரில் மெல்ல நகர்கிறது. இருவரும் இப்படியே கிடந்தால் ஒருவரையொருவர் தின்றுவிடுவோம் என்று தோன்றியது.

முதலாளி பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். உட்காரச் சொன்னதும் உட்காராமல் நின்றார். "என்னம்மா செய்யட்டும்? சொல்லுங்க" என்றார். பேச நினைத்ததெல்லாம் மறந்துபோய் எனக்கு அழுகை வந்தது. என் கணவர்தான் கட்டிலிலிருந்து பேசினார்: "தனியா யாரும் உள்ள இருக்கக் கூடாது. ரெண்டு வாசல் வேணும். ரெண்டும் வெளிய தள்ளுற கதவா இருக்கணும். அந்தப் பொடி சிலிண்டர் வந்தப்பறந்தான் அவ வருவா." பொடி சிலிண்டரைப் பற்றி நான் எப்போதோ ஒருமுறை சாப்பிடும்போது புலம்பியிருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

எல்லாம் செய்தார்கள். நான் போனேன். தைரியமாகப் போனேன் என்று சொன்னால் பொய். முதல் வாரம் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் கை தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. இப்போதும் போகிறது.

நெல் அறுப்புக் காலம் முடிந்ததும் அவர் ஒருநாள் தானாகவே, "மதுரைக்குப் போவோமா?" என்றார். தகட்டை எடுக்க. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் காத்திருந்தேன். உள்ளே கொண்டுபோகும்போது என் கையை விடவில்லை. "பயமா இருக்குடி" என்று அத்தனை பேருக்கு முன்னாலும் சொன்னார். வெளியே வந்தபோது மயக்கத்தில் உளறிக்கொண்டிருந்தார். தகட்டையும் திருகுகளையும் ஒரு பாட்டிலில் போட்டு நர்ஸ் கொடுத்தார். நான் ஒரு திருகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மரை நன்றாக இருந்தது. எங்கள் பட்டறைத் திருகு இல்லை. எங்கள் திருகுத் தலையின் விளிம்பை இன்னும் கொஞ்சம் மழுக்கிவிடுவோம். இதையும் மழுக்கியிருந்தால் இவ்வளவு துருத்தியிருக்காதோ என்னவோ.

கால் ஆறியதும் டவுனில் ஒருவருடைய லோடு ஆட்டோவை எடுத்து ஓட்டத் தொடங்கினார். அருப்புக்கோட்டையிலேயே ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தோம். காலையில் என்னைப் பட்டறையில் இறக்கிவிட்டுப் போவார்.

போன மாதம் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. நாங்கள் கடைந்த திருகுகளைச் சோதனைக்காக வெள்ளாடுகளின் காலில் போட்டிருந்தார்களாம். எலும்பு கூடிவிட்டதாம். திருகு கரைந்துகொண்டிருக்கிறதாம். ஆடுகள் நன்றாக நடக்கின்றனவாம். சாயங்காலம் ஆட்டோவில் ஏறியதும் அவரிடம் சொன்னேன். அவர் வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டார்.

"ஆட்டுக்கா?"

"ஆமா."

"எனக்கு இரும்பு. ஆட்டுக்குக் கரையிற திருகா? அந்த ஆட்டாலதான நானே விழுந்தேன்!"

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்தபிறகுதான் மீதியைச் சொன்னேன். அடுத்த கட்டத்துக்கு நிறையத் திருகுகள் வேண்டுமாம். பாய்க்கு மகனோடு சென்னையில் போய் இருக்க ஆசை; அவர் போய்விட்டால் அந்த அறையைப் புதிதாய் யாரையாவது வைத்துக்கொண்டு நான்தான் பார்க்கவேண்டும். "இன்னும் பல வருசத்துக்கு உங்களுக்கு வேல கவலையே இல்லம்மா" என்று முதலாளி சந்தோஷமாகத்தான் சொன்னார்.  ஓசூரில் ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது, ஜன்னல் வைத்த பெரிய கூடம், தண்ணீர் ஓடுகிற மெஷின்கள் என்று என்னோடு படித்தவள் சொல்லியிருந்தாள். அதையும் அவரிடம் சொன்னேன்.

 வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசனையாகவே வந்தார். இறங்கும்போது, "ஓசூர்ல லோடு ஆட்டோ ஓடாதா என்ன?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. பாய் போகிற மாதம் தெரியட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். மறுநாள் காலையும் அவர் என்னைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டார். போனைப் பெட்டியில் போட்டேன். பாய் எனக்கு முன்பே வந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன். ஏசி இரையத் தொடங்கியது.